ஏதாவது ஒண்ணுன்னா

மூக்கு காய்ந்திருக்க வேண்டுமாம். படம் எடுக்கிற நேரத்தில் நாயின் மூக்கில் ஈரம் இருந்தால், மனிதருக்குக் கைரேகைபோல நாய்க்கு அடையாளமான மூக்குரேகை தெளிவாக விழாது, ரேகை விழாவிட்டால் நாய்க் காப்பீட்டுப் பாலிசி கிடையாது, ஆகவே பழைய பருத்தித் துணியால் மூக்கை ஒற்றி எடுத்துவிட்டு, அது மறுபடி நக்கிக்கொள்வதற்குள் சட்டென்று எடுத்துவிட வேண்டும் என்று மெல்போர்னிலிருந்து சுகந்தி நேற்று விலாவாரியாகச் சொல்லியிருந்தாள். மகள் சொன்னால் சரிதான். ஆனால் நாய்க்கு மூக்கு காய்ந்தால் உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தம். இது அந்தியூரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆகக் கம்பெனி என்ன சொல்கிறது? நோய்ப்பட்ட மூக்காகப் பார்த்து ஒரு படம் அனுப்பு, பாலிசி தருகிறேன்; நாளைக்கு நோய் என்று வந்து நின்றால் அதே படத்தை எடுத்து மேசைமேல் போட்டு, பார், சேரும்போதே மூக்கு காய்ந்துதான் இருந்தது என்பேன். மாட்டாஸ்பத்திரி வராந்தாவின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடி அர்த்தநாரி இந்தத் தர்க்கத்தின் அழகை ரசித்தார். குற்றம் சொல்லவில்லை, ரசித்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்தவர். ஒரு தச்சன் இன்னொரு தச்சன் செய்த கட்டிலைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தார். காலடியில் டோஃபு தன் ஈர மூக்கைத் தரையில் அழுத்தி, அதற்கு முன் அங்கே நின்ற, படுத்த, பெய்த மாடுகள் அனைத்தின் வரலாற்றையும் வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. பீகிள் சாதி. மூக்குக்காகவே படைக்கப்பட்டு, மிச்சம் மீதியில் காதும் வாலும் செய்து ஒட்டப்பட்ட உயிர். சோயாப் பன்னீரின் பெயரைப் பிடித்து டோஃபு என்று வைத்தவள் சுகந்தி. வெளிநாட்டுக்குப் போகுமுன் ஆறு மாதத்துக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போனாள், அந்த ஆறு மாதம் நாலு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. ஊர் வாய்க்குள் நுழைந்ததும் டோஃபு தோப்பாகிவிட்டது. காலையில் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓட, அர்த்தநாரி தெருவில் நின்று தோப்பு, தோப்பு என்று கூவ, வண்டியை நிறுத்தி எந்தப் பக்கமுங்க, தென்னந்தோப்புங்களா, தண்ணி இருக்குதுங்களா என்று கேட்டவர்கள் உண்டு. பாலிசிக்காரர் நிலத் தரகுக்குப் போய்விட்டார் என்று ஒரு பேச்சுக்கூட வந்தது.

உள்ளே கூப்பிட்டதும் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வருடாந்தர ஊசி மட்டும் போதும் என்று சொல்லலாம், போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அல்லது ஊசியோடு கூட, இந்த நாய்க்கு இன்ன வயது, திடமாக இருக்கிறது என்று டாக்டரம்மாவிடம் ஒரு சான்றிதழும் கேட்கலாம். அது இல்லாமல் பாலிசி நகராது. அடுத்த மாதம் டோஃபுவுக்கு ஏழு முடிகிறது. ஏழு முடிந்த நாயைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று கம்பெனி அச்சடித்திருக்கிறது. ஆக இன்றைக்கு விட்டால் விட்டதுதான். பெரிய தொகை ஒன்றுமில்லை, வருடத்துக்கு ஒரு பட்டுவேட்டி விலை. அர்த்தநாரி பட்டுவேட்டி வாங்குவதை நிறுத்தி வெகு காலமாகிறது, யாருக்காகக் கட்டுவது. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டுபோய் நாயின் பேரில் போடுவதா என்று கேட்கிற ஒரு குரல் மனசுக்குள் இருக்கத்தான் செய்தது, அது அச்சு அசல் அவருடைய அப்பாவின் குரல், அந்த மனிதர் தன் பேரிலேயே பத்துப் பைசா போடாதவர். "ஊருக்கெல்லாம் பாலிசி போட்டவரு நீங்க, சொந்த நாய்க்குப் போட இத்தன யோசிக்கிறீங்களேப்பா" என்றாள் சுகந்தி, நேற்று போனில். "யோசிக்கலை சாமி, படிச்சிட்டிருக்கேன்" என்றார். அது பொய்யில்லை. மூன்று நாளாக நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருந்தார், உரையாசிரியர்கள் சூத்திரம் படிப்பதுபோல, எழுத்தெண்ணி. ஏற்கெனவே இருந்த நோய் பாலிசியில் சேராது. காது சீழ் சேராது. பீகிள் சாதிக்கு வருவதே காது சீழ்தான். போர் மூண்டால் சேராது. அந்தியூரில் போர் மூண்டு அதில் டோஃபு காயம்படுகிற காட்சியை அர்த்தநாரி வெகுநேரம் நினைத்துப் பார்த்தார், தேர் வருகிற வீதியில், பீரங்கிகளுக்கு நடுவே, அது ஒரு வடையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. மாங்கொட்டை விழுங்கினால் சேருமா என்று எங்கேயும் தெளிவாக இல்லை. இத்தனை பேச்சுக்கும் மூலம் அந்த மாங்கொட்டைதான். போன கோடையில் விழுங்கிவிட்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்தது. ஈரோட்டுக்கு டாக்ஸி பிடித்து, சுகந்தி செல்போனுக்குள்ளிருந்து அழ, பவானி தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்ட போட்டில் கொட்டை வெளியே வந்து விழுந்தது, டிரைவரின் சட்டைக் காலருக்குள். இயற்கையே ஒரு பாலிசி வைத்திருக்கிறது, வேகத்தடை என்ற பெயரில் என்று அப்போது அர்த்தநாரிக்குத் தோன்றியது. சுகந்திக்குத் தோன்றியது வேறு.

நிலையாமையைப் பாடாத தமிழ்ப் புலவன் கிடையாது. யாக்கை நிலையாமை, செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீர்க்குமிழி, மின்னல், ஆற்றங்கரை மரம் என்று உவமை தேடி, அழ அழப் பாடி வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை பேரில் ஒருவராவது பிரீமியம் எவ்வளவு என்று சொன்னாரா? அந்தக் குறையை நிரப்பத்தான் தன்னைப் போன்றவர்கள் பிறந்தார்கள் என்பது அர்த்தநாரியின் நெடுநாள் கருத்து. புலவர் சாவு என்பார். ஏஜெண்டு அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அதுதான் தொழிலின் முதல் பாடம். முப்பது வருடத்தில் ஒரு வீட்டில்கூட, ஒரு தடவைகூட, அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. ஏதாவது ஒண்ணுன்னா. அவ்வளவுதான். மோர் வரும், குடிக்க வேண்டும், டம்ளரைக் கீழே வைக்க வேண்டும், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும், பிறகு கண்ணை மெல்ல மேலே உயர்த்தி விட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போச்சு, சாபம் விட்ட மாதிரி ஆகிவிடும், வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து வாயில நல்ல வார்த்தை வராதா என்பாள், அடுத்த தடவை மோர் வராது. விட்டத்தைப் பார்த்துச் சொன்னால் அது விட்டத்தோடு போகும். பவானி வட்டத்தில் எத்தனை வீட்டு விட்டங்களை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்! இன்ன வீட்டில் தேக்கு, இன்ன வீட்டில் கறையான், இன்ன வீட்டில் விட்டத்தில் செருகி வைத்த கத்தரிக்கோல். ஆட்களின் முகம் மறந்து போனது, விட்டம் மறக்கவில்லை. அதெல்லாம் சரி, நாய்க்கு எப்படிச் சொல்வது? டோஃபுவைத் தரையில் வைத்துக்கொண்டு, கண்ணை உயர்த்தி, நாளைக்கு உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா. யாருக்குப் பணம்? எனக்கு. நாமினி நான். உங்களுக்காக இல்லீங்க, உங்களை நம்பி இருக்கிறவங்களுக்காக என்று ஆயிரம் வீட்டில் சொன்ன வாய், இங்கே என்ன சொல்லும்? நாய் போனால் நான் பணம் வாங்கிக்கொள்வேன். அந்தப் பணத்தில் என்ன வாங்குவது? பட்டுவேட்டியா?

"ஏனுங் ஏஜெண்ட்டுத் தம்பி, இப்ப நாய்க்கும் பாலிசி போடறீங்களாக்கு?" குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டதும் அர்த்தநாரி நிஜமாகவே துள்ளிவிட்டார். மனசைத் திறந்து பார்த்துவிட்டானா இந்த மனிதன்? இல்லை, வழக்கமான நையாண்டிதான். சென்னியப்பன். எருமையை வெளியே வேம்படியில் கட்டிவிட்டு, கன்றை அதன் பக்கத்தில் விட்டுவிட்டு, துண்டால் பெஞ்சைத் தட்டி, தோளோடு தோள் இடிக்க வந்து உட்கார்ந்தார். வராந்தாவில் வேறு பெஞ்சு இல்லாமல் இல்லை. உலகத்தில் இவர் ஒருவர்தான் அர்த்தநாரியைப் பார்த்ததும் தள்ளிப் போகாமல் கிட்டே வருகிறவர். மற்றவர்கள் எல்லாம், தொழிலை விட்டு எத்தனையோ வருடமாகியும், பாலிசிக்காரர் என்றால் இன்னும் ஒரு அடி ஒதுங்கியே நடக்கிறார்கள். அந்த நாளில் அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டவர்கள், குழந்தையை விட்டு அப்பா ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, யோசிச்சுச் சொல்றனுங் என்று சொன்னவர்கள். யோசிச்சுச் சொல்றனுங் என்றால் மாட்டேன் என்று பொருள், இதற்கு அகராதி தேவையில்லை. அப்படிச் சொன்ன ஒருவரும் இன்றுவரை யோசித்து முடித்துச் சொன்னதில்லை. சிலர் யோசனையின் நடுவிலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் சென்னியப்பன் ஒருநாளும் யோசிப்பதாகச் சொன்னதில்லை. வாங்க என்பார், மோர் தருவார், முழுவதும் கேட்பார், அர்த்தநாரி விட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்புச் சிரித்து, எனக்கு என்னங் ஆகப் போகுது என்பார். முப்பது வருடமாக வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கல் முடிந்த வாரம், அதே மோர், அதே விட்டம், அதே சிரிப்பு. சொன்னபடியே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அர்த்தநாரியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இன்னும் சைக்கிளில்தான் போகிறார், அர்த்தநாரி வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் மணியை இரண்டு தடவை அடிப்பார். அந்த மணி, பார், இன்னும் ஆகவில்லை, பார், இன்னும் ஆகவில்லை என்று சொல்வதாகவே அர்த்தநாரிக்குக் கேட்கும். பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை, ஒரு கால் பிசகு, ஒரு மாசம் படுக்கை, அட ஏஜெண்டு சொன்னானே என்று ஒரு ராத்திரியாவது அந்த மனிதன் நினைக்கும்படி ஏதாவது, என்று தொழில் பக்தியால் ஒன்றிரண்டு தடவை ஆசைப்பட்டதும் உண்டு. கந்தசாமிக் கடவுள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஊசிக்கு வந்தனுங்கண்ணா" என்றார் அர்த்தநாரி. "எருமைக்கு என்னங்க?" "மடியில வீக்கமுங்க. பாலு கறக்கப் போனா ஒதைக்குது. என்ற சம்சாரத்தையே ஒதச்சுப்புடுச்சு. அவ பதிலுக்கு எருமைய ஒதச்சா. ரெண்டும் இப்ப பேச்சுவார்த்தை இல்ல." சென்னியப்பன் குனிந்து டோஃபுவைப் பார்த்தார். டோஃபு வரலாற்று வாசிப்பை நிறுத்திவிட்டிருந்தது. சென்னியப்பனின் வேட்டி விளிம்பில் அது தேடி அலைந்த மூலநூல் கிடைத்துவிட்டது: சாணி, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, பால், எருமை, வேறொரு எருமை. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தது. "இது என்னங், இந்த மோப்பு மோக்குது?" என்ற சென்னியப்பன் காலை எடுக்கவில்லை. "ஆனா தம்பி, ஒண்ணு சொல்றனுங். எனக்குத்தான் பாலிசி வேண்டாம்னனே தவிர, எங்கூட்டு மாட்டுக்கெல்லாம் இருக்குது, தெரியுமில்ல?" அர்த்தநாரிக்குத் தெரியாது. வேறு ஏஜெண்டா? "கேம்ப்பு போட்டப்ப வந்து காதுல மஞ்ச வில்லையக் குத்திட்டுப் போய்ட்டாங்க, எங்கிட்டக் கேக்கவே இல்ல. போன சித்திரையில ஒரு மாடு செத்துப் போச்சுங். பணம் வேணும்னா வில்லை வேணும்னாங். வில்லை காதுல இருக்குது, காது மாட்டுல இருக்குது, மாடு குழியில இருக்குது." "அப்பறமுங்க?" "அப்பறமென்ன, நோண்டிக் காத அறுத்து, வில்லையோட கொண்டுபோய் மேச மேல வெச்சன். அந்தப் பையன் டீ குடிச்சிட்டு இருந்தான். அதுக்கப்பறம் குடிக்கல." சொல்லிவிட்டு அர்த்தநாரியின் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. "உங்ககிட்ட எடுத்திருந்தா என்ற காதையுமில்ல எங்கூட்டுக்காரி அறுத்துக் கொண்டாரோணும்! எந்தக் காதுல குத்துவீங், சோத்துக் கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

அர்த்தநாரி சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் மனசு வேறு பக்கம் திரும்பிவிட்டது. மாட்டுக்குக் காது என்றால் நாய்க்கு மூக்கு. ரேகை மூக்கில் இருக்கிறது, மூக்கு நாயில் இருக்கிறது. நிபந்தனையில் அப்படி ஒன்றும் இல்லை, மூன்று நாள் படித்தவருக்குத் தெரியாதா, படம் போதும், படம்தான் கேட்பார்கள். ஆனால் படம் எடுக்க வேண்டுமே, அப்போதும் ஒருவர் குனிந்து அந்த மூக்கைத் துடைக்க வேண்டுமே, ஒருவேளை அப்போது துடைக்கவே தேவையில்லாமல் அது காய்ந்து கிடக்கும், அப்போதுதான் படம் அருமையாக விழும். சே. அர்த்தநாரி கையை நீட்டி டோஃபுவின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். ஜில்லென்று, அரைத்து வழித்த சந்தனம் மாதிரி. செத்துப் போச்சுங் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான் இந்த மனிதன், விட்டமும் பார்க்காமல் மோரும் குடிக்காமல். தன் மனைவி போனபோதுகூட அர்த்தநாரி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சுகந்திக்குப் போன் செய்து, அம்மாவுக்கு ஒண்ணு ஆயிருச்சு சாமி என்றார், அவள் என்னப்பா, என்னப்பா ஆச்சு என்று நாலு தடவை கேட்ட பிறகும் ஒண்ணு, ஒண்ணு என்றே நின்றார். பிறகு தன் சொந்தப் பாலிசியில் நாமினி பெயரை அடித்து மகள் பெயரை மணிமணியாக எழுதினார், தொழில்காரரின் கை அது, ஆனால் எழுதி முடித்துவிட்டு ஏனோ தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தார். அவர் வீட்டில் விட்டம் கிடையாது. காங்கிரீட்டு. பார்க்க ஒன்றுமே இல்லாத வெள்ளை. அந்த வெள்ளையைப் போன மாதம் இன்னும் நன்றாகப் பார்க்க வாய்த்தது. அதை நினைக்க வேண்டாம். கம்பவுண்டர் ஒரு சேவலோடு வந்தவரைக் கூப்பிட்டார், சேவக்காரரு வாங்க என்று. இங்கே எல்லோரும் கொண்டுவந்த பிராணியின் பெயரால்தான் அழைக்கப்படுகிறார்கள், நல்ல ஏற்பாடு, தமிழில் ஆகுபெயர் என்று ஒன்று இருக்கிறது, அதன் எந்த வகையில் இதைச் சேர்ப்பது என்று யோசிக்கலாம், பொருளா, இடமா, சினையா. அதை நினைக்கலாம். ஆனால் மனசு எருமைக் கன்று மாதிரி. கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தாலும் தாய் நிற்கிற பக்கம்தான் போகும். சமையலறை. பால் பொங்குகிறதா என்று பார்க்கத் திரும்பிய அர்த்தநாரி தரையில் கிடந்தார். தலை சுற்றியதும் நினைவில்லை, விழுந்ததும் நினைவில்லை. மேலே வெள்ளையாகக் கூரை, பக்கத்தில் டோஃபு. விளையாட்டென்று நினைத்துக்கொண்டு முகத்தை நக்கியது, காதை நக்கியது, நெற்றியில் மூக்கை வைத்து அழுத்தியது, அந்த ஈரத்தில்தான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எழுந்து அடுப்பை அணைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சுகந்தியிடம் சொன்னால் அடுத்த விமானம் ஏறிவிடுவாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து வாசலைப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது: கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அந்தத் தாழ்ப்பாள்தான் ஒரு மாதமாக மனசில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மாங்கொட்டை, மூக்குரேகை, பட்டுவேட்டி எல்லாம் அதைச் சுற்றி அவர் நட்டு வைத்த வேலிக்கால்கள். எழுந்திருக்காமலே போயிருந்தால்? தாழிட்ட வீட்டுக்குள் டோஃபு. தட்டில் சோறு இல்லை, பாத்திரத்தில் தண்ணீர் எத்தனை நேரத்துக்கு வரும்? குரைத்திருக்கும், அது வெயிலுக்குக் குரைக்கும், பல்லிக்குக் குரைக்கும், தபால்காரருக்குக் குரைக்கும், யார் பொருட்படுத்துவார்கள்? சுகந்தியால் அதைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அந்த நாட்டுக்குள் இங்கிருந்து நேராக நாயை விடமாட்டார்கள், சட்டம், போகும்போதே கேட்டுப் பார்த்து அழுதுவிட்டுத்தான் விட்டுவிட்டுப் போனாள். ஆக, நாய்க்கு ஏதாவது ஒண்ணுன்னா என்பதற்குப் பாலிசி இருக்கிறது. கம்பெனி நிபந்தனையைத் தலைகீழாகப் படித்தாலும், நாய்க்காரனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்பதற்கு ஒரு வரி இல்லை. என்ன ஏஜெண்டு நான்? முப்பது வருடம் வீடு வீடாகப் போய், உங்களை நம்பி இருக்கிறவங்களுக்கு என்ன வெச்சிருக்கீங்க என்று கேட்டவன். தன்னை நம்பி இருக்கிற ஒரே ஜீவன் இதோ ஒரு பரம வைரியின் செருப்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. சென்னியப்பன் காலை ஆட்டாமல் வைத்திருந்தார். கால் மரத்திருக்க வேண்டும், விரல்களை மட்டும் மெல்ல மடக்கி நீட்டினார். பிறகு பேச்சின் நடுவே, தான் செய்வது தனக்கே தெரியாதவர்போல, குனிந்து டோஃபுவின் காதை மடித்து உள்ளே பார்த்து, "அழுக்கு கட்டிக் கெடக்குதுங், தேங்காண்ணெயக் காச்சி ரெண்டு சொட்டு உடுங்" என்றார்.

"அண்ணா" என்றார் அர்த்தநாரி. கண் தானாக மேலே போயிற்று. வராந்தாக் கூரையில் சுற்றாத ஒரு மின்விசிறி, அதன் கிண்ணத்தில் குருவிக் கூடு. "எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா..." சென்னியப்பனும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். முப்பது வருடத்தில் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். "என்னங் இருக்குது அங்க? பல்லியா?" "இல்லீங்கண்ணா. எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, இவன..." "செத்துப் போனான்னு சொல்லுங்." "அதேதானுங்க." "அதேதான்னா? வாயத் தொறந்து சொல்லுங் தம்பி, நானும் முப்பது வருசமாப் பாக்கறன், ஒண்ணு, ஒண்ணுன்னு. எது ஒண்ணு? வெலாசம் இல்லாத ஒண்ணு!" அர்த்தநாரி கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். நரைத்த புருவத்துக்குக் கீழே இரண்டு கண், ஒன்றில் புரை விழத் தொடங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து, "நான் செத்துப் போனா" என்றார். ஒன்றும் ஆகவில்லை. விசிறி விழவில்லை, குருவிகூடப் பறக்கவில்லை. "இவன நீங்க கூட்டிட்டுப் போயிருவீங்களான்னு..." சென்னியப்பன் டோஃபுவை ஒரு மாட்டைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தார். "என்ன திங்கும்?" "எல்லாத்தையும் திங்குமுங்க. மாங்கொட்டை மட்டும் காட்டீராதீங்க." "கடிக்குமா?" "இதுவரைக்கும் இல்லீங்க." "காவலுக்கு ஆகுமா?" "ஆகாதுங்க." "பேரு?" "டோஃபு." "தோப்பா?" "தோப்புதானுங்க." "செரி, கெடக்கட்டும், தண்ணித் தாழியோரமா. நாலு எருமைக்கு நடுவுல ஒரு நாயி என்ன பாரம்?" என்ற சென்னியப்பன் விரலை உயர்த்தினார். "ஆனா எனக்கும் ஒரு இது இருக்குதில்லீங்? எனக்கு ஒண்ணுன்னா... பாருங், உங்க வாயி எனக்கும் ஒட்டிக்கிச்சு! நான் செத்துப் போனா, என்ற பையன் மூணாம் நாளே எருமைகளச் சந்தைக்கு ஓட்டீருவான். அத நீங்க வாங்கிக் கட்டிக்குவீங்களா?"

அர்த்தநாரி தன் வீட்டை நினைத்துப் பார்த்தார். முன்பக்கம் ஒரு துளசி மாடம், பின்பக்கம் துவைக்கிற கல், நடுவில் நாலு எருமை. சுகந்தி வீடியோவில் கூப்பிடும்போது பின்னால் ஒன்று எட்டிப் பார்க்கும். மடிவீக்கம், உதை, சாணி, காலை நாலு மணிக் கறவை. "யோசிச்சுச் சொல்றனுங்கண்ணா" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சென்னியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வேம்படியில் எருமை திரும்பிப் பார்த்தது. "ஊரே உங்களுக்குச் சொன்ன சொல்லுங் அது! வட்டியோட திருப்பிக் குடுத்துட்டீங்!" அப்போது கம்பவுண்டர் வாசலில் நின்று, "நாய்க்காரரு வாங்க!" என்றார். ஒரு வாழ்நாள் முழுக்கப் பாலிசிக்காரராக இருந்த அர்த்தநாரி நாய்க்காரராக எழுந்தார். டோஃபுதான் எழ மறுத்தது. செருப்பிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"ஊசி மட்டுந்தானுங்களா சார்?" என்று டாக்டரம்மா கேட்டாள். சின்னப் பெண், கை முழங்கை வரைக்கும் எந்த மாட்டின் உள்ளேயோ போய்விட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அர்த்தநாரிக்குச் சட்டென்று எல்லாம் தெளிந்துவிட்டது. கணக்கு ஒன்றும் போடவில்லை. நாமினி யார் என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பாலிசி நகரவில்லை, இப்போது தெரிந்துவிட்டது, சென்னியப்பன், அவ்வளவுதான். நாய் கைமாறினால் பாலிசியும் கூடவே போகும், எழுதிக் கொடுத்தால் போதும் என்று நிபந்தனையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மூன்று நாளும் அதை அவர் அனாவசியம் என்று தாண்டிப் போயிருந்தார். நாளைக்கு அந்தத் தாழியோரத்தில் டோஃபு எதையாவது விழுங்கி வைக்கும், விழுங்காமல் இருந்தால் அது டோஃபு இல்லை. சென்னியப்பன் எருமையை விற்றா ஈரோட்டுக்கு டாக்ஸி பிடிப்பார்? அந்த வழியில் வேகத்தடைகள் எல்லாம் அப்போதும் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உங்களுக்காக இல்லீங்க, இருக்கிறவங்களுக்காக. சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வாக்கியம் இன்றைக்கு முதல்முறையாக எடை போட்டால் நிற்கும்போலிருந்தது. "சான்றிதழும் குடுங்கம்மா" என்றார். "நல்லதுங்க சார். மூக்கு போட்டோ கேப்பாங்களே, எடுத்துட்டீங்களா?" கம்பவுண்டர் பிடித்துக்கொள்ள, அர்த்தநாரி துடைக்க, டாக்டரம்மா செல்போனை நீட்ட, டோஃபு நக்கியது. துடைக்க, நக்கியது. துடைக்க, செல்போனையும் சேர்த்து நக்கியது. கடைசியில் எடுத்த படத்தில் மூக்கு மழையில் நனைந்த கருங்கல் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. "இத அனுப்பினாத் திருப்பி அனுப்பீருவாங்க சார்" என்றாள் டாக்டரம்மா. "அனுப்பட்டுமுங்க" என்றார் அர்த்தநாரி, "மறுபடி எடுத்துக்கலாம். ஈரமாத்தானே இருக்குது." முப்பது வருடமாகப் படியாத ஒரு வாடிக்கையாளர் தலையில் ஒரு பாலிசியைக் கட்டியாகிவிட்டது, பிரீமியத்தை ஏஜெண்டே கட்டுகிறார், நாமினிக்கு விஷயமே தெரியாது, நாமினியின் வயது எழுபத்தாறோ ஏழோ. இப்படி ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அந்த நாளில் அலுவலகத்தில் அவரை வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

வெளியே வந்தபோது சென்னியப்பனுக்கு முறை வந்து போயிருந்தது. வேம்படியிலேயே வைத்து எருமைக்கு ஊசி போட்டாயிற்று, கன்றை முன்னால் விட்டு அதை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இத்தன நேரம் என்னங் பண்ணினீங், ஊசிதானே?" என்று வாசலிலிருந்தே கத்தினார். "ஊசிதானுங்கண்ணா" என்றார் அர்த்தநாரி. டோஃபு அந்த வாசனை போகிற திசையில் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரி வாசல் நேராகப் பவானி ரோட்டில் திறக்கிறது. சென்னியப்பன் வலப்பக்கமும் பார்க்கவில்லை, இடப்பக்கமும் பார்க்கவில்லை, ரோடு தன் பாட்டன் சொத்து என்பதுபோல எருமையோடு குறுக்கே இறங்கினார். ஒரு பஸ் அலறிக்கொண்டு வந்து அவருக்கு ஒரு முழம் முன்னால் குலுங்கி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னவோ சொன்னான். அர்த்தநாரி ஓடினார் என்றே சொல்லலாம், நாயோடு. "அண்ணா! பாத்துப் போங்கண்ணா! ஓரமாப் போங்க! ஏதாவது ஒண்ணுன்னா..." சென்னியப்பன் திரும்பவில்லை. எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, முப்பது வருடமாகச் சொன்னதையே சொன்னார். "எனக்கு என்னங் ஆகப் போகுது!" அதை மறுத்துப் பேச அர்த்தநாரியிடம் எப்போதும் பதினெட்டு வாதம் இருந்தது. இன்றைக்கு ஒன்றையும் எடுக்கவில்லை.